கொல்லிமலையில் ஐந்து நாள்: நாற்பது நோட்டுகளும் ஒன்பது பிள்ளைகளும்

ஜனவரி 29, 2025, புதன்

தங்கை மகன் கொல்லிமலைக்கு ஆசிரியர் வேலைக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. "ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் மாமா" என்று அவன் கூப்பிடுவதும், "மழை விடட்டும்", "வெயில் தணியட்டும்" என்று நான் தட்டிக்கழிப்பதும் வழக்கமாகிவிட்டது. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை. தை பிறந்ததும் கிளம்பிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன் வெறுங்கையை வீசிக்கொண்டு போகலாமா? கரூரில் 40 லாங் சைஸ் நோட்டுகள் வாங்கினேன். ஒன்று 45 ரூபாய், மொத்தம் 1,800. கடைக்காரர் அட்டைப்பெட்டியில் அடுக்கிச் சணல் கயிறு கட்டிக் கொடுத்தார். தூக்கும்போது ஏதோ பெரிய காரியம் செய்யப் போகிறவன்போல் நெஞ்சு நிமிர்ந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாமக்கல்லில் பஸ் ஏறி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி அடிவாரம் வரை தூங்கிக்கொண்டே போனேன். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பத்தாவது வளைவில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். நடத்துநர் முகம் சுளிக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். இருபதில் ஒரு பெண்மணி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 'இந்தக் காலத்து உடம்பு அவ்வளவுதான்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாற்பத்தொன்றாம் வளைவில் என் முறை வந்தது. பை கேட்க அவகாசமில்லை. மடியில் இருந்த அட்டைப்பெட்டியின் மேலேயே எடுத்துவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், எழுந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அறுபத்து மூன்று வயது மனிதனின் நெற்றியை! பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, என் உள்ளங்கையில் வைத்தார். "முகர்ந்துகொண்டே வாருங்கள். வளைவைப் பார்க்காதீர்கள், தூரத்து மரத்தைப் பாருங்கள்." செம்மேட்டில் இறங்கும்போது பழத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கீறிய பழத்தை வாங்கி என்ன செய்வது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

செம்மேட்டுக் குழாயடியில் பெட்டியைக் கழுவினேன். மேலே இருந்த மூன்று நோட்டுகள் போய்விட்டன, மிச்சம் 37. எதிரே வல்வில் ஓரி சிலையாக நிற்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலைக்கு அரசர். அவர் முன்னால் நின்றுகொண்டு, நாறுகிற அட்டைப்பெட்டியைக் கழுவிய வள்ளல் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மருமகன் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டான். இருபுறமும் உயரமான மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள். இரவு அவன் அறையில் இரண்டு கம்பளிகள் போர்த்தியும் கால் விறைத்தது. சாப்பாடு ரசம் சோறு. மிளகு விளைகிற ஊரில் ரசத்துக்கு என்ன குறை!

ஜனவரி 30, வியாழன்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு வகுப்பறைகள், ஒரு சமையலறை, ஒரு நாவல் மரம். ஆசிரியர்கள் இருவர்: தலைமை ஆசிரியையும் என் மருமகனும். பிள்ளைகள் 31 பேர்.

காலை எட்டே காலுக்கெல்லாம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மூடுபனி விலகாத பாதையில் முதலில் குரல் வருகிறது, பிறகு கம்பளிச் சட்டை வருகிறது, அப்புறம்தான் முகம் தெரிகிறது. மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு அரசு கொடுக்கும் கம்பளிச் சட்டை அது. இவ்வளவு சீக்கிரம் வருவதற்குக் காரணம் காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். வியாழக்கிழமை உப்புமா, சாம்பார்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்துப்போன விதி ஒன்று உண்டு. சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். எந்த அதிகாரியின் மூளையில் உதித்ததோ, அவர் நன்றாக இருக்கட்டும். தன் பிள்ளை தட்டில் விழப்போகும் உப்புமாவில் யார் கல்லை விட்டுவைப்பார்கள்? சமையல்காரப் பெண் ரவையைச் சலித்ததை நின்று பார்த்தேன். இரண்டு தடவை சலித்துவிட்டு, சந்தேகம் தீராமல் கையால் ஒரு தடவை அளைந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். "பிள்ளைகள் பங்கு வேண்டாம் அம்மா" என்றேன். "இன்றைக்கு இரண்டு பேர் வரவில்லை ஐயா, சாப்பிடுங்கள்" என்றார். அந்த 'இரண்டு பேர்' யார் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

பிரார்த்தனை முடிந்ததும் நோட்டு வழங்கும் வைபவம். பிள்ளைகள் வரிசையாக வந்து, இரு கையாலும் வாங்கி, "நன்றி தாத்தா" என்றார்கள். ஒரு சிறுமி மட்டும் நோட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

மீதி நோட்டுகளை அலமாரியில் வைக்கத் தலைமை ஆசிரியை கதவைத் திறந்தார். உள்ளே அரசு முத்திரையோடு நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் என்று எல்லாமே இலவசமாக வந்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியாத சேதியல்ல. பத்திரிகையில் எத்தனையோ முறை படித்ததுதான். ஆனால் பள்ளிக்கூடம் என்றால் நோட்டு, ஏழைப் பிள்ளை என்றால் நோட்டு என்று என் தலைமுறைக்குத் தலையில் எழுதிவைத்திருக்கிறது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோடுகள் அகலமாக இருக்கின்றன ஐயா, கையெழுத்துக்கு நல்லது" என்றார். பெருந்தன்மைக்காரர்.

மத்தியானம் முட்டையும் சாதமும். அதன் பிறகு மருமகன் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தேன். 'எண்ணும் எழுத்தும்' முறையில் பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பிரிப்பதில்லை. வாசிக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று வைத்திருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் மீட்க 2022 ஜூனில் வந்த ஏற்பாடு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், விரலை வரியின் அடியில் ஊர விட்டு, ஒரு முயல் கதையை நிறுத்தாமல் வாசித்தான். வாசித்து முடித்ததும் விரலைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான், யாரோ இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதுபோல.

"இவன் இப்போது மலர் மாமா" என்றான் மருமகன். "போன வருஷம் பொங்கலுக்கு மொட்டில் இருந்தான். மிளகுக்குப் போய்விட்டு வந்தபோது அரும்பு. மறுபடி ஏற்ற எனக்கு ஆடி வரை ஆயிற்று."

மிளகுக்குப் போவது என்றால் என்ன என்று அன்று மாலைதான் தெரிந்தது. தை, மாசியில் மிளகு பழுக்கும். இங்கே சொந்தக் கொடி வைத்திருப்பவர்கள் பறிக்கிறார்கள். நிலம் குறைந்தவர்கள் குடும்பத்தோடு குடகுக்கும் கேரளத்துக்கும் வேனில் போய்விடுகிறார்கள். ஆண்கள் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்க, பெண்கள் காபிப் பழம் பறிக்கிறார்கள். இரண்டு மாதம், சில சமயம் இரண்டரை. பெற்றோர் போனால் பிள்ளையும் போகும். காலையில் வராத அந்த இரண்டு பேர் மூட்டை கட்ட உதவி செய்துகொண்டிருந்தார்களாம். ஞாயிறு விடிகாலை வேன். பட்டியலில் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் ஒன்பது பேர்.

ஜனவரி 31, வெள்ளி

இன்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் இது கட்டாயம். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். போன ஆண்டு மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கியிருக்கிறார்கள். 31 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு 24 உறுப்பினர்கள்! "ஊரில் உறுப்பினர் ஆகாதவர்கள் யார் என்று எண்ணுவது சுலபம் மாமா" என்றான் மருமகன்.

இரண்டரை மணிக்குக் கூட்டம். நாலு மணிக்குத்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். மிளகைப் பாயில் காயப்போட்டவர்கள் வெயில் இறங்கி அள்ளிவிட்டுத்தானே வர முடியும்? பெண்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வாசற்படியிலும் நாவல் மரத்தடியிலும், கூட்டத்துக்கு வந்த மாதிரியும் வராத மாதிரியும் நின்றார்கள். தலைவி ஒரு தாய். முப்பது வயது இருக்கலாம், மடியில் குழந்தை.

கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் குழாய் உடைந்தது பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். கூரை ஒழுகல் ஐந்து நிமிடம். இப்படியே முடிந்துவிடும் என்று நினைத்தேன். தபால் நிலையத்தில் நான் உட்கார்ந்த கூட்டங்களெல்லாம் அப்படித்தான் முடிந்தன. அப்போது தலைவி குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வேனைப் பற்றிப் பேசலாம்" என்றார். மரத்தடியில் பீடி பற்றவைத்தவர் அணைத்துவிட்டார்.

ஒன்பது பெயர்களையும் பார்க்காமல் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்விதான்: "இங்கேயே விட்டுவிட்டுப் போனால் இரவு எங்கே படுப்பான்?"

எனக்குச் சுருக்கென்றது. காலையில் உப்புமா பள்ளியில், மதியம் சாதம் பள்ளியில், உடுப்பும் புத்தகமும் பள்ளியில். பகல் முழுவதையும் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் இரவு ஒரு பிள்ளை படுக்க ஒரு வீடு, ஒரு வாய்ச் சோறு, காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்க ஒரு கை. இது எந்த அட்டைப்பெட்டியிலும் வராது.

பேச்சு எளிதாக இருக்கவில்லை. ஒரு தாத்தா, "என் பேரனை நான் வைத்துக்கொள்வேன், ரேஷனுக்கு என்ன வழி? என் கைரேகை மிஷினில் விழுவதில்லை" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். மண்வெட்டிக் காம்பு தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்ட விரல். போகிறவர்கள் போகும்முன் ஆளுக்கு 25 கிலோ அரிசியோ சாமையோ அந்தந்த வீட்டில் இறக்கிவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. ஒரு தகப்பனார் வேறு கேட்டார்: "எஸ்டேட்டில் டவர் கிடையாது. பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் எனக்கு எப்படித் தெரியும்?" மேஸ்திரியின் எண்ணுக்குச் சொல்லலாம் என்றார்கள். "அவன் சொல்ல மாட்டான், ஆள் குறைந்துவிடும்" என்றார் அவர். அதற்கு மறுப்பு இல்லை. கடைசியில் என் மருமகன், சனிக்கிழமைதோறும் மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்தத் தகப்பனாரிடமே போனைக் கொடுக்கச் சொல்வதாக ஏற்றுக்கொண்டான்.

ஒரு பெண் நேரடியாகவே சொன்னார்: "முந்தின காலத்தில் சாமை போட்டோம், வீட்டில் தானியம் இருந்தது. இப்போது மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைக்காரன் விலையை இறக்கினால் நாங்கள் வேன் ஏற வேண்டியதுதான். ஆசைப்பட்டா பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறோம்?"

எனக்கு நான் படித்த பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வந்தது. அடியில் ஒரு மிராசுதார் பெயர் எழுதியிருக்கும். 1950களின் பிற்பகுதியில், காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியபோது மக்கள் கொடுத்தவற்றில் அதுவும் ஒன்று என்று எங்கள் வாத்தியார் சொல்வார். நிலம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று இருந்தவர்கள் கொடுத்தார்கள். அது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். இங்கே கொடுப்பவர்களிடம் கடிகாரம் இல்லை. பாயில் கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஆறு மணிக்குள் ஏழு பிள்ளைகளுக்கு ஐந்து வீடுகள் கிடைத்துவிட்டன. முயல் கதை வாசித்தவன் கைரேகை விழாத தாத்தாவோடு. மீதி இரண்டு பேர் அக்காவும் தம்பியும்: ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அவர்களை வைத்துக்கொள்ள ஒரு சித்தி தயார். ஆனால் தாய் தலையை ஆட்டினார். "கைக்குழந்தை இருக்கிறதே. நான் காபிச் செடியில் நிற்கும்போது இவள்தானே தூக்க வேண்டும்? இவள் வந்தால் சின்னவன் இங்கே தங்க மாட்டான்."

இதற்கு யாரிடமும் பதில் இல்லை. தலைவிகூடத் தன் குழந்தையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எந்தப் பிள்ளை எந்த வீட்டில் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்து என்னுடையதில் ஒன்றை எடுத்தார்கள். காலையில் சமையல்காரப் பெண் கணக்கு எழுத ஒன்று வாங்கிப் போயிருந்தார். ஆக இரண்டு நோட்டுகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 1, சனி

சுற்றுலாப் பயணியாக ஒரு நாள். அறப்பளீசுவரர் கோயில் பார்த்தேன். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும் என்றார்கள். இறங்கினால் ஏற வேண்டுமே என்று முழங்கால் கேட்டது. கேட்ட கேள்வி நியாயமாகப் பட்டதால் திரும்பிவிட்டேன். கோயில் வாசலில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப், ஒரு டம்ளர் 30 ரூபாய். கிழங்கின் மேல் ஆட்டுக்கால்போல ரோமம். மூட்டுவலிக்கு நல்லது என்று விற்பவர் சத்தியம் செய்தார். வலி அப்படியே இருக்கிறது. ஆனால் சூப் சுவையானது, மிளகு தாராளம். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு கிலோ 700 சொல்லி 680க்குக் கொடுத்தார்கள். கால் கிலோ வாங்கினேன். ஏணியில் ஏறுகிறவர்களை நினைத்து அதற்கு மேல் பேரம் பேச வாய் வரவில்லை. திரும்பும் வழிக்கு இரண்டு எலுமிச்சம்பழம், பத்து ரூபாய்.

மாலையில் மருமகன் ஒரு வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப் போனான். பி.ஏ. படித்த பெண். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவர்; மாதம் 1,000 ரூபாய், மாலையில் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை, இன்னும் வருகிறார்கள். "வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சோற்று நேரத்தில்தான் கிளம்புகிறார்கள், அதனால் சமாளிக்கிறேன்" என்று சிரித்தார். இனி ஏழு பேரும் பள்ளி விட்டு இங்கே வந்து, இருட்டியதும் அவரவர் வீட்டுக்குப் போவார்களாம். ஒரு பையன் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தான், ஏழெட்டில் நின்றுவிட்டான். நான் வாயசைத்தேன். "தாத்தா சொல்லிக் கொடுக்கக் கூடாது" என்று அவர் அதட்டினார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரவு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அரிசிச் சோற்றைவிடச் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாலரை மணிக்கே எழுந்துவிட்டேன். பனியில் வேனின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. மூங்கில் ஏணி எடுத்துப் போக மாட்டார்கள், அது அங்கேயே இருக்குமாம். பாத்திர மூட்டை, அரிசி மூட்டை, கம்பளி, ஒரு ரேடியோ.

போகாத பிள்ளைகளும் வந்து நின்றார்கள். அழுகை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தாய்மார்கள்தான் அழுதார்கள். முயல் கதைப் பையன் தாத்தாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு, வேனில் யார் எந்த இடத்தில் உட்காருகிறார்கள் என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வேன் நகர்ந்ததும் தாத்தா, "வா, ஆட்டை அவிழ்க்க வேண்டும்" என்றார். போய்விட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் நடந்தது ஒன்று. தலைமை ஆசிரியை கீழூரிலிருந்து அந்த நேரத்துக்கு நடந்தே வந்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் இரண்டு பயிற்சிப் புத்தகங்களைக் கொடுத்து, பக்கங்களில் பென்சிலால் தேதி குறித்திருந்ததைக் காட்டினார். "ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தம்பியையும் எழுத வை." அவள் இடுப்பில் கைக்குழந்தை, புத்தகத்தை எந்தக் கையால் வாங்குவது என்று தெரியாமல், மோவாயை உயர்த்தி அக்குளில் வைக்கச் சொன்னாள். தம்பி இப்போதே முகம் வெளிறி நின்றான். "இவனுக்கு வளைவு ஆகாது" என்றாள்.

சட்டைப்பையிலிருந்த இரண்டு எலுமிச்சம்பழங்களையும் எடுத்து, ஒன்றை நகத்தால் கீறி, இரண்டையும் அவன் கையில் வைத்தேன். தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னேன். "இருட்டில் மரம் தெரியாதே தாத்தா" என்றான்.

எனக்குப் பஸ் ஒன்பது மணிக்கு. இறங்கும்போது பனி விலகி மரங்கள் நன்றாகவே தெரிந்தன. கையில் பழம் இல்லை. நாற்பத்தொன்றாம் எண் பலகை வருவதற்கு முன்பே ஜன்னல் பக்கம் நகர்ந்து, நடத்துநரிடம் ஒரு பை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.